புதுப் பெயரும் பழைய அருளும்



ஆண்டுதோறும் ஜூன் 24ஆம் திகதி ஸ்நாபக அருளப்பரின் பிறப்பு விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. அன்று வாசிக்கப்படும் நற்செய்தி, யூதேயாவின் மலைநாட்டில் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது எழுந்த வழக்கைச் சொல்லுகிறது. எட்டாம் நாள் சுற்றத்தார் கூடினார்கள். தகப்பன் பெயரையே பிள்ளைக்கு வைத்துச் சக்கரியாஸ் என்று அழைக்க வேண்டும் என்பது அவர்களுடைய தீர்ப்பு. தாய் எலிசபெத் மறுத்தாள். அருளப்பன் என்றே அழைக்க வேண்டும் என்றாள். உங்கள் உறவில் இப்படி ஒரு பெயர் எவருக்குமே இல்லையே என்று அவர்கள் வாதாடினார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, தாய் சொன்ன பெயரையே எழுதினார். அந்தக் கணமே அவருடைய நாவின் கட்டு அவிழ்ந்தது.

இந்த வழக்கு நம் மலையகத்து வீடுகளுக்கும் புதியதன்று. பசறையிலும், அப்புத்தளையிலும், லுணுகலையிலும், பண்டாரவளையிலும் பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டுவிட்டு, “இது என்ன பெயர்? வாயில் நுழையவில்லையே!” என்று முகம் சுளிக்காத பாட்டிமார் எத்தனை பேர்? அருளாயி, ஆரோக்கியம், செபமாலை, சவரிமுத்து, சூசையம்மாள் என்று அழைத்துப் பழகிய நாக்குக்குப் புதுப் பெயர்கள் கரடுமுரடாகத்தான் இருக்கும். இளம் பெற்றோரோ, “இந்தக் காலத்தில் அந்தப் பெயரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சிரிப்பார்கள்” என்கிறார்கள். இரு தரப்பும் நம்மவர்களே. ஆகவே ஒரு தரப்பைக் கடிந்துகொள்வதை விட, ஒரு புதுப் பெயரை எடுத்து அதன் வேரை ஆராய்வது நல்லது.

நம் நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழும் ஒரு பெண்குழந்தைப் பெயர் ‘ஜியான்னா’. கேட்ட மாத்திரத்தில் ஏதோ சினிமாப் பெயர் போலத் தோன்றும். ஆனால் அதன் பூர்வீகத்தைப் பாருங்கள். எபிரேய மொழியில் ‘யோகனான்’ என்று ஒரு பெயர் உண்டு. ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பது அதன் பொருள். மலைநாட்டில் சக்கரியாஸ் எழுதிய பெயர் அதுவே. அது கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் சென்று, இத்தாலியில் ஆணுக்கு ‘ஜொவான்னி’ என்றும் பெண்ணுக்கு ‘ஜொவான்னா’ என்றும் ஆயிற்று. ஜொவான்னாவை வீட்டார் செல்லமாகச் சுருக்கி அழைத்ததே ஜியான்னா. இன்று நம் பிள்ளைகளுக்கு இடப்படும் ஜோன், ஷோன், இவான், ஜேன் என்னும் பெயர்களும் இதே மரத்தின் கிளைகளே.

தமிழில் இதற்கு என்ன பெயர்? நம் முன்னோர் வேற்று மொழி ஒலியை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், பொருளறிந்து தமிழாக்கினார்கள். சிறியவர் என்று பொருள்படும் இலத்தீன் பெயரைக் கொண்ட அப்போஸ்தலரைச் சின்னப்பர் என்றார்கள். ஆண்டவரின் அருளைச் சொல்லும் பெயரைக் கொண்டவரை அருளப்பர் என்றார்கள். பல தலைமுறைகளாக நம் நற்செய்தி நூலில் அருளப்பர் என்றே இருந்தது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில்தான் யோவான் என்னும் வடிவம் நமக்குப் பழக்கமாயிற்று. அப்படியானால் தொட்டிலில் கிடக்கும் ஜியான்னாவும், லயத்து வாசலில் வெற்றிலை இடிக்கும் அருளாயிப் பாட்டியும் ஒரே பெயருக்குரியவர்கள் அல்லவா? பாட்டிக்கும் அது தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வீட்டில் சண்டைக்கே இடமிருந்திருக்காது!

இந்தப் பெயர் உலகில் பரவியதற்கு இரண்டு மரணங்கள் காரணமாயின. பிந்தியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி, அமெரிக்காவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில், கத்தோலிக்கரான கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் தம் 13 வயது மகளோடு மாண்டார். மகளின் பெயர் ஜியான்னா. அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் பெண்குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட முதல் 20 பெயர்களுள் அது ஒன்றாயிற்று. முகமறியாத ஒரு சிறுமியின் நினைவைத் தம் குழந்தையின் மீது எழுதி வைத்த பெற்றோர் அவர்களில் பலர். பெயர் என்பது வெறும் ஓசையன்று என்பதை உலகமும் உணர்ந்திருக்கிறது.

மற்ற மரணம் நம் கவனத்துக்கு அதிகம் உரியது. 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி, இத்தாலியின் மிலான் நகருக்கருகே மஜெந்தா என்னும் ஊரில் ஒரு பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஜொவான்னா பிரான்செஸ்கா என்று பெயரிட்டார்கள். வீட்டில் ஜியான்னா என்று அழைத்தார்கள். அவள் படித்து வைத்தியரானாள். 1955இல் பியேத்ரோ மொல்லா என்னும் பொறியியலாளரை மணந்தாள். மூன்று பிள்ளைகள் பிறந்தபின், 1961இல் நான்காவது குழந்தையைக் கருத்தாங்கியிருந்தபோது கர்ப்பப்பையில் ஒரு கட்டி கண்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தாய்க்கு ஆபத்துக் குறைவு. ஆனால் குழந்தை போய்விடும். வைத்தியராகிய அவளுக்கு இது நன்கு தெரியும். கட்டியை மாத்திரம் அகற்றிக் குழந்தையைக் காப்பாற்றும்படி அவள் கேட்டுக்கொண்டாள். 1962 ஏப்ரல் 21ஆம் திகதி, பெரிய சனிக்கிழமையன்று, பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 28ஆம் திகதி, தாய் இறந்தாள்.

குழந்தைக்குத் தாயின் பெயரோடு சேர்த்து ஜியான்னா இம்மானுவேலா என்று பெயரிட்டார்கள். 2004 மே 16ஆம் திகதி, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அந்தத் தாயைப் புனிதையாக உயர்த்தியபோது, கணவர் பியேத்ரோவும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். தன்னைப் பெற்றுத் தந்துவிட்டுப் போன தாயின் பெயரைச் சுமந்துகொண்டு, 42 வயது மகள் அந்தக் கூட்டத்தில் நின்றாள். ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்னும் பொருளை அந்த மகளை விட நன்றாக யார் அறிந்திருக்க முடியும்?

வயிற்றில் பிள்ளையோடு மலையேறிக் கொழுந்தெடுத்த தாய்மாரின் மக்கள் நாம். ஆகவே இந்தப் புனிதை நமக்குத் தூரத்துச் சொந்தமல்ல. ஆனால் அவளைக் காட்டி எந்தத் தாயும் வைத்தியத்தை அலட்சியம் செய்யக்கூடாது. அவளே வைத்தியர், சத்திரசிகிச்சையை ஏற்றுக்கொண்டவள். கர்ப்பிணிகள் ஒழுங்காகக் கிளினிக்குச் செல்வதும், மனைவியின் பாரத்தைக் கணவன் பகிர்ந்துகொள்வதும் அவளுக்கு நாம் செலுத்தும் வணக்கமே.

இனி நம் தோட்டத்துச் சொல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தபோது, தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டு வந்தார்கள். எண்ணாகவும், செக்ரோலில் ஒரு வரியாகவும் எண்ணப்பட்ட சனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆரோக்கியம் என்றும் அருளாயி என்றும் பெயரிட்டார்களே, அது எவ்வளவு பெரிய விசுவாச அறிக்கை! இசையாஸ் இறைவாக்கினர் வழியாக, உன்னைப் பெயர் சொல்லி அழைத்தேன், நீ எனக்குரியவன் என்று சொல்லும் ஆண்டவரிடத்தில் அரைப்பேர் இல்லை. அவருடைய ஏட்டில் எல்லோருக்கும் முழுப்பேர்தான்.

அப்படிப்பட்ட பெயர்களை நம் இளையோர் ஏன் ஒளிக்கிறார்கள்? நாகரிக மோகம் மாத்திரம் காரணமன்று. 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. ஒருவருடைய பெயரே அவருக்கு ஆபத்தாகிய நாட்கள் அவை. பின்னாளிலும் கொழும்புக்கு வேலை தேடிப்போன பிள்ளைகள், தங்கள் பெயரைக் கேட்டதும் ‘தோட்டத்துப் பிள்ளையா?’ என்று எதிரே நிற்பவர் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று காட்டிக்கொடுக்காத ஒரு பெயரைத் தன் மகளுக்குத் தேடும் தகப்பனை நாம் ஏளனம் செய்யலாகாது. ஆனாலும் அந்தத் தகப்பனுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வெட்கத்தை மறைக்க வைத்த பெயர் பிள்ளைக்கு வெட்கத்தையே கற்றுக்கொடுக்கும். அன்பினால் வைத்த பெயர், அது புதியதானாலும் பழையதானாலும், பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

திருச்சபையின் சட்டம் இதில் என்ன கேட்கிறது? 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தொகுப்பு, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கப் பங்குக் குரு கவனமெடுக்க வேண்டும் என்றும், முடியாவிட்டால் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கூறிற்று. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் 855ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை வைக்காதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக் குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே சொல்லுகிறது. ஆகவே புதுப் பெயர் குற்றமன்று. நல்ல தமிழ்ப் பெயரும் குற்றமன்று. பொருளே தெரியாத பெயரை வைப்பதுதான் பரிதாபம். அதிலும் எண் சோதிடம் பார்த்து, அதிர்ஷ்டம் வருமென்று ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அடுக்காது. அருளைப் பெற வந்த குழந்தையை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பதா?

எழுத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். சக்கரியாஸ் பெயரை எழுதிக் காட்டியதும் வழக்குத் தீர்ந்தது. நமக்கோ எழுதுவதில்தான் வழக்கே ஆரம்பமாகிறது. ஜியான்னா, ஜியானா, ஜீனா. பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, கோவில் பதிவேட்டில் இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் வேறொன்று. தமிழ் தெரியாத எழுத்தர் காதால் கேட்டு எழுதியது ஒருபுறம். தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறிப்போவது இன்னொருபுறம். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில்தான் அது தெரியவரும். அப்பொழுது ஒரு நாள் பேரை இழந்து கந்தோர் கந்தோராக அலைபவர் தாயே.

இது சிறு விஷயமென்று மலையகத்தார் எண்ணக்கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. பத்திரமின்மையும் பத்திரங்களில் கண்ட சிறு முரண்பாடுகளும் அதற்குக் காரணங்களாக்கப்பட்டன. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே பெற்றோரே, பிறப்பை உரிய 42 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு கடதாசியில் தெளிவாக எழுதிக்கொண்டு பதிவாளரிடம் செல்லுங்கள். அவர் எழுதியதை வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். ஞானஸ்நானத்துக்கு வரும்போது அந்தப் பத்திரத்தையே குருவிடம் கொடுங்கள்.

ஞானஸ்நானச் சடங்கில், கோவில் வாசலிலேயே பெற்றோரிடம் குரு கேட்கும் முதல் கேள்வி குழந்தையின் பெயரைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்லுமுன் வீட்டில் மூன்று காரியம் செய்யுங்கள். பெயரின் பொருளைக் கேட்டறியுங்கள். அந்தப் பெயரைத் தாங்கிய புனிதரின் திருநாளைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் அன்று பிள்ளைக்காக ஒரு செபமாவது சொல்லுங்கள். ஜியான்னாவுக்கு அது ஏப்ரல் 28. மூன்றாவதாக, பாட்டியின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் இரண்டாம் பெயராகச் சேர்த்தும் வையுங்கள்.

பெரியோர்களே, நீங்களும் புதுப் பெயரைக் கேட்டு முகம் திருப்பாதீர்கள். அன்று அந்த மலைநாட்டில் சுற்றத்தார் ஏற்க மறுத்த புதுப் பெயரைத்தான், இன்று நாம் பழைய பெயர் என்று போற்றுகிறோம். பேரப்பிள்ளையை மடியிலிருத்தி, வாயில் நுழையாத அந்தப் பெயரை ஒரு தரம், இரு தரம் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் அழைக்கும் குரலில்தான், தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரின் குரலைக் குழந்தை முதன்முதலாகக் கேட்கிறது.