அயல்நாடு என்ற கட்டம்

நண்பர் ஒருவரின் ஊடகக் கையேட்டுக்காகத் தேசிய வானொலிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். 'உள்நாடு', 'அயல்நாடு' என்று இரண்டு வகை. இலங்கை வானொலி அயல்நாடுதானே? கை ஓடவில்லை.

கமுதியில் எங்க அப்பத்தாவுக்கு ரேடியோ என்றாலே சிலோன் ரேடியோதான். 1952-இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தபோது ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிய தலைமுறை. 1957-இல் விவித் பாரதி வந்தும் பழக்கம் போகவில்லை. 1972-இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனதும் அவருக்குத் தெரியாது. "சிலோன்காரன் பாட்டு போடுறான்டா", அவ்வளவுதான்.

அப்படியானால், கேட்டவர்களை வைத்து வகை பிரிக்கலாமா? ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதே 1972-இல் வந்த அரசியலமைப்பு சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழி என்றது. எங்களுக்குப் பாட்டுப்பெட்டியாக இருந்த நிலையம், யாழ்ப்பாணத்தில் கேட்டவருக்கு அந்த அரசின் குரலும்கூட. 'நம்ம ரேடியோ' என்று அதை நான் உள்நாட்டில் சேர்த்தால், என் பாசத்தை வைத்து அவர் பட்ட கஷ்டத்தை மறைக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

அதனால் வகையில் 'அயல்நாடு' என்றே எழுதினேன். அந்தக் குரலுக்கு யார் பொறுப்பு என்பது அங்கே தெரிய வேண்டும். மாற்றுப்பெயர் கட்டத்தில் 'சிலோன் ரேடியோ' சேர்த்தேன். 2023-இல் நம் வானொலியை இனி 'ஆகாசவாணி' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அதற்கும் மாற்றுப்பெயர் கட்டத்தைக் காலியாக விடவில்லை.