பேரு தெரியாத கை

ஜப்பானியப் பீங்கான் பரிமாறும் கிண்ணத்தில் வெள்ளை உடம்பின்மேல் நீலக் கொடி ஓடும். கவிழ்த்துப் பார்த்தால் சூளையின் முத்திரை இருக்கலாம். வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெயரின்மைதான் அழகு என்று ஒரு தத்துவமே உண்டு. அதோடுதான் எனக்குச் சண்டை.

சொன்னவர் யானகி சோயெட்சு. 1925இல் நண்பர்களோடு சேர்ந்து 'மிங்கெய்', அதாவது மக்கள் கைவினை, என்ற சொல்லை உருவாக்கியவர். 'நான்' என்ற அகந்தை இல்லாமல், பெயர் தெரியாத கைகள் தினப் புழக்கத்துக்குச் செய்த பண்டத்தில்தான் மெய்யான அழகு என்றார். சும்மா ஒதுக்கிவிடக்கூடிய ஆளில்லை. கொரியாவை ஜப்பான் அடக்கியாண்ட காலத்தில், 1922இல், சியோலின் குவாங்வாமுன் வாயிலை இடிக்காதே என்று எழுதியவர். இருந்தாலும் கேட்கத்தான் வேணும்: அந்தக் கைகளோட பேரை யாரு எடுத்துக்கிட்டா?

இந்தப் பீங்கான் பிறந்த ஊர் அரிதா. 1592-98 படையெடுப்பில் ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்து வந்தார்கள். அவர்களில் யி சாம்பியோங் என்பவர் 1616 வாக்கில் அங்கே பீங்கான் கல்லைக் கண்டார் என்பது வழக்கு. இன்று அவர் கோயிலில் தெய்வம். பிடித்து வந்த நபேஷிமா பிரபுவும் அதே கோயிலில் தெய்வம்! சுமார் 900 பேரை அரிதாவுக்குக் கூட்டிவந்த ஒரு கொரியத் தாய் 1656இல், 96 வயதில் இறந்தார். 'பெக் பா சொன்' என்கிறார்கள். நூறு வயசுக் கிழவி என்பதுபோல அர்த்தம். அந்தம்மாவின் சொந்தப் பெயர் போயேபோச்சு. பக்கத்து ஓகாவாச்சியில், தொழில் ரகசியம் கசியாதபடி பிரபு காவல் சாவடி போட்டிருந்தார். அங்கே கேட்பாரற்றுப்போன 880 குயவர் கல்லறைக் கற்களைக் குவித்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். இதை ஞானம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

வரைகிற வேலையையும் பாருங்கள். ஒருமுறை சுட்ட கிண்ணத்தில் ஒருவர் கோடு போடுவார். இன்னொருவர் நீர்த்த கோபால்ட் மையைத் தடித்த தூரிகையில் ஊறவைத்து, கோட்டுக்குள் தேங்கவிட்டு நிரப்புவார். அப்போது அது நீலமாகத் தெரியாது. மெருகு பூசி 1300 டிகிரியில் வெந்தால்தான் நீலம் எழும்பும். அரிதாவில் வழிவழியாகக் கோடு ஆணுக்கு, நிரப்புவது பெண்ணுக்கு. ஒரு கிண்ணத்துக்குள்ளயே வரப்பு கட்டியாச்சு.

யானகி டோக்கியோவில் மக்கள் கைவினை அருங்காட்சியகம் திறந்தது 1936இல். அதே ஆண்டுதான் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்கியது என்றார். தலைமுறை தலைமுறையாக வரும் தொழிலில் யானகி மரபின் அருளைக் கண்டார். அம்பேத்கர் விலங்கைக் கண்டார். பறை கட்டின, செருப்புத் தைத்த நம் பாட்டன் பாட்டிகளின் பெயரும் எங்கேயும் எழுதப்படவில்லை. அது என்ன, அவங்க அடக்கமா?

யானகியின் தோழர் ஹமடா ஷோஜி தன் பானைகளில் கையெழுத்திடுவதை விட்டார். ஆனால் பானை வைக்கும் மரப்பெட்டியில் போட்டார். 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. பெயர் உள்ளவர் துறக்கலாம், துறந்ததற்கும் புகழ் கிடைக்கும். யானகியின் கட்டுரைகள் 1972இல் ஆங்கிலத்தில் வந்தபோது வைத்த தலைப்பு 'அறியப்படாத கைவினைஞர்'. எழுதியவர் பெயரும், தழுவித் தந்த பெர்னார்ட் லீச் பெயரும் அதில் அச்சாகியிருக்கின்றன.