மெருகும் தேய்வும்

மெருகு ‘ஏற்றப்படுவதாக’ நாம் சொல்கிறோம். ஏதோ ஒன்று மேலே சேர்க்கப்படுகிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பட்டறையில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மேலே இருப்பதில் கொஞ்சம் கழிகிறது, மிஞ்சியது பளபளக்கிறது. இந்த உண்மையையும் நம் பாஷை மறைத்துவிடவில்லை. பாத்திரத்தைத் தேய்ப்பதும் நிலா தேய்வதும் அதற்கு ஒரே வினை. பளபளப்பு வேண்டித் தேய்ப்பவன் பொருளைக் குறைத்துக்கொண்டிருக்கிறான் என்பது ‘தேய்’ என்ற சொல்லுக்குத் தெரியும். ‘மெருகேற்று’ என்ற சொல்லுக்குத் தெரியாது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு தார்மீகப் பிரச்னை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்றைக் குறைத்து அதன் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியுமென்றால், வந்து சேர்வது பழைய நிலைதானா?

கேள்வியை அந்தரத்தில் வைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. தூத்துக்குடியில் கார்களுக்கு ரப்பிங் பாலிஷ் போடும் எந்தப் பட்டறையிலும் அதை ஸ்தூலமாகப் பார்க்கலாம். இன்றைய காரின் நிறத்துக்கு மேல், கண்ணுக்குத் தெரியாமல், கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது. அதன் பருமன் சுமார் 40, 50 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே. மேலே தெரியும் மெல்லிய கீறல்களெல்லாம் இந்தப் படலத்தில் விழுந்தவை. மிஷினில் முதலில் கம்பளிப் பேட், பிறகு ஸ்பாஞ்சுப் பேட். கூடவே காம்பவுண்ட் என்ற பசை. பசையில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு என்ற கடினமான தூள். மிஷின் சுழலும்போது படலம் ஓரிரண்டு மைக்ரானிலிருந்து நாலைந்து மைக்ரான் வரை இறங்குகிறது. கீறலின் அடிமட்டத்துக்கு மேற்பரப்பு வந்து சேர்ந்ததும் கீறல் இல்லாமல் போகிறது.

கீறல் நிரப்பப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளத்தை மூடுவதற்குப் பதிலாக, பள்ளத்தைச் சுற்றியிருந்த மேடெல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கீறலுக்காக, கீறலே விழாத அவ்வளவு இடமும் இறங்கியாக வேண்டும். அப்படி இறங்கிய பரப்பும் கீறலற்ற பரப்பு அல்ல. காம்பவுண்டின் தூளும் கீறத்தான் செய்கிறது. கண் பிரித்தறிய முடியாத அளவுக்கு நுணுக்கமாகக் கீறுகிறது, அவ்வளவுதான். வழவழப்பு என்று நாம் சொல்வது நம் பார்வையின் எல்லைக்குக் கீழே போய்விட்ட கீறல்களுக்கு வைத்த பெயர்.

கீறல்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் சங்கடமான விஷயம். இந்த ஊரில் உப்பளங்களின் காற்று இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூசு இருக்கிறது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். சாம்பல் கரையாது, அதில் சிலிக்காவும் அலுமினாவும் அதிகம். காம்பவுண்டில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடுக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் உண்டு. ஆனால் சாம்பல் காரின் மேல் சும்மா படிந்திருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காலையில் உடைமையாளன் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு வந்து துடைக்கிறானே, அப்போதுதான் கீறல் விழுகிறது. காரை நேசிப்பவனின் கார்தான் அதிகம் கீறப்படுகிறது. காயம் அக்கறையிலிருந்து வந்திருக்கிறது. நிவர்த்தியும் அதே செய்கையின் இன்னும் நுண்ணிய வடிவமாக இருக்கிறது.

வெயிலில் இந்தக் கீறல்கள் வட்ட வட்டமாக, சிலந்தி வலைபோலத் தெரியும். துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால் வந்த வட்டங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. அவற்றுள் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டுமே ஒளிர்கின்றன. ஒளிர்பவை சேர்ந்து விளக்கைச் சுற்றிய வட்டமாகத் தோன்றுகின்றன. நாளான எவர்சில்வர் தட்டை பல்பின் கீழே பிடித்தால் இதையே பார்க்கலாம். தலையை நகர்த்தினால் வட்டமும் நகரும். வட்டம் தட்டில் இல்லை. பார்ப்பவன் நிற்கிற இடம் அதைத் தீர்மானிக்கிறது. கீறல் நிஜம், அதன் ஒழுங்கு நம்முடையது. ஒரு மனிதனின் குறைகளைப் பற்றியோ ஒரு கவியின் குறைகளைப் பற்றியோ தீர்ப்புச் சொல்பவர்கள் இந்தப் பௌதிக விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முன்பெல்லாம் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. அம்பாசடரும் பழைய பியட்டும் ஓடிய காலத்தில் நிறத்துக்கு மேல் தனியாகப் படலம் கிடையாது. சிவப்புக் காரைத் தேய்த்தால் துணி சிவக்கும். எவ்வளவு எடுத்தோம் என்பது கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கை தானாக நின்றுவிடும். இன்று கழிவது நிறமற்றது. துணியில் காம்பவுண்டின் வெளுப்பு மட்டுமே தெரிகிறது. மிஞ்சியிருப்பதை அளக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி இல்லாத இடத்திலும் மிஷின் சுழல்கிறது. அப்புறம் ஒருநாள் கதவின் விளிம்பிலோ பானட்டின் மடிப்பிலோ — அங்கேதான் படலம் சீக்கிரம் தேய்ந்து போகும் — அடி நிறம் வெளியே வருகிறது. கிளியர் கோட் தன் இழப்பைத் தன் முடிவில்தான் அறிவிக்கிறது. அதுவரையில் ஒவ்வொரு தேய்ப்பும் வெற்றியாகவே தோன்றிக்கொண்டிருக்கும்.

பலகை பலகையாக மாற்றப்பட்ட தெஸீயஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்கர்கள் விவாதித்ததாக புளுடார்க் சொல்கிறார். தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு இது புதிராகத் தோன்றாது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் இற்றுப்போன பலகையை எடுத்துவிட்டு வேறு பலகை வைப்பது வழக்கமான காரியம். தோணி அதே தோணியாகவே போய்வருகிறது. அங்கே பொருள் மாறுகிறது, அளவு மாறுவதில்லை. மெருகிடும் பட்டறையில் நிலைமை தலைகீழ். புதிதாக எதுவும் வருவதில்லை. இருப்பதெல்லாம் அசல், ஆனால் அசலில் முன்பிருந்ததைவிடக் குறைவு. தத்துவவாதிகள் சேர்ப்பதைப் பற்றிக் கேட்ட அளவுக்குக் கழிப்பதைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை.

முத்து வியாபாரிகள் இதை யோசித்திருக்கிறார்கள். மேல் தோல் மங்கிப்போன முத்தை மெல்லிய கத்தியால் உரித்து, கீழே நல்ல ஒளியுள்ள அடுக்கு கிடைக்கிறதா என்று தேடும் கலை ஒன்று உண்டு. 1908இல் வெளியான கன்ஸ், ஸ்டீவன்சன் இருவரின் முத்து நூலில் அதைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. அதற்கும் வெகுகாலம் முன்பே, எகிப்தில் கிடைத்த ஸ்டாக்ஹோம் பாபிரஸ் என்ற கிரேக்கக் கைப்பிரதி, மங்கிய முத்தைக் கோழிக்கு விழுங்கக் கொடுத்து எடுக்கும் வைத்தியத்தைச் சொல்கிறது. கோழியின் வயிற்று அமிலம் மேலடுக்கைக் கரைத்துவிடும். ஒளி திரும்பும், எடை குறைந்திருக்கும். எடைக்கு விலை பேசும் வியாபாரிக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

முத்தை உரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இயற்கை முத்து பெரும்பாலும் மேலிருந்து உள்வரை ஒரே பொருள். சுமார் அரை மைக்ரான் பருமனுள்ள சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. ஓர் அடுக்கை எடுத்தால் கீழே இருப்பதும் முத்துதான். கீழே அழகிருக்கிறதா என்பது நிச்சயமில்லை. கடைசிவரை உரித்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆனால் கீழே இருப்பது வேறொன்றாக இராது. வளர்ப்பு முத்து அப்படியல்ல. தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் முத்துச் சிப்பிக்குள் உருண்டை மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அந்த முறையில் விளைவது ஓட்டு மணியின்மேல் படிந்த ஒரு மெல்லிய போர்வை. அதை உரித்துப் பார்க்கத் துணிந்தால் சீக்கிரமே மணியில் போய் முட்டும். இன்றைய கார் வளர்ப்பு முத்தின் ஜாதி. அதை இயற்கை முத்தாக எண்ணித் தேய்ப்பவன்தான் நஷ்டப்படுகிறான். எதைத் தேய்க்கிறோம் என்று தெரிந்திருப்பது, எப்படித் தேய்ப்பது என்பதற்கு முந்தியது.

சிலர் மிஷினே வேண்டாமென்று எண்ணெய்ப் பசையைப் பூசிக் கீறல்களை மறைக்கிறார்கள். நாலு தடவை தண்ணீர் விட்டுக் கழுவினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இது மோசடி என்றும் மிஷின் வேலைதான் யோக்கியமானது என்றும் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவு நிச்சயமாக இல்லை. பசை பொய் சொல்கிறது. ஆனால் எதையும் செலவழிக்கவில்லை. மிஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் திரும்பப் பெற முடியாததைச் செலவழித்துவிடுகிறது. விற்பதற்கு முதல் நாள் பழைய காரை மிஷினால் பளபளக்க வைப்பவனோ இரண்டையும் செய்கிறான். அவன் காட்டும் ஒளி உண்மையானது. அதற்கான விலையை வாங்குகிறவன் பின்னால் கொடுக்கப்போகிறான். நம் தலைமுறை வருங்காலத்தவருக்கு விட்டுச்செல்லும் சுத்தங்களில் எத்தனை இந்த மாதிரியானவை என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதுவரை கீறலைக் குறையென்றே பேசிவந்தேன். அந்த அனுமானத்தையும் கேள்விக்குட்படுத்த வேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே கொற்கையில் 1968-69இல் அகழாய்வு நடந்தது. அங்கு கிடைத்த பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. ஓலையில் எழுதுவதும் கீறுவதுதான். கீறிய பிறகு மைக்கரியைத் தடவினால் கீறலில் கரி தங்கி எழுத்தாகத் தெரியும். கல்வெட்டும் அப்படியே. பரப்புக்கு நேர்ந்த காயத்தில் பாஷை குடியேறியபோதுதான் நமக்குச் சரித்திரம் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில், காற்றழுத்தத்தால் மணலை வீசிச் சுவர்களைச் சுத்தம் செய்தார்கள். கருங்கல் வெளுத்துப் புதிதாகியது; பல இடங்களில் கல்வெட்டெழுத்துகள் மழுங்கின. அரசாங்கம் பிறகு அதைத் தடை செய்தது. மணலுக்கு அழுக்குக்கும் எழுத்துக்கும் பேதம் தெரியாது. இரண்டுமே அதற்குப் பரப்பின் ஒழுங்கீனங்கள். மணலைப் பிடித்திருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனும் குடமுழுக்கு நாளுக்குள் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டுமென்பதையே யோசித்தான். அவன் பக்தியில் குறைவிருந்ததாகச் சொல்ல முடியாது. உலர்ந்த துணியோடு காலையில் காரிடம் வருபவனின் அக்கறைதான் அவனுடையதும்.

ஊர்களுக்கும் மெருகு உண்டு. தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். ரயிலுக்கும் அந்தப் பெயர். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பெயரின் பளபளப்பு மட்டும் குறையவில்லை. 2018 மே 22ஆம் தேதி, தாமிர உருக்காலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். ஊர் ‘சகஜ நிலைக்கு’ திரும்ப வேண்டும் என்று அதன் பின்னர் சொன்னவர்களில் நல்லெண்ணமுள்ளவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கீறல் படலத்தோடு நிற்பதல்ல. அது தெரியாமல் போகும்வரை பரப்பை இறக்க வேண்டுமானால், ஊரில் எவ்வளவை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லோருடைய ஞாபகமும் அந்த அடிமட்டத்துக்கு வந்தாக வேண்டும். அதை நிவர்த்தி என்று சொல்ல நான் தயாராக இல்லை.

அப்படியானால் எதையுமே தேய்க்கக் கூடாதா? அதுவும் சரியல்ல. கீறல்களையெல்லாம் புனிதமாக்குவது இன்னொரு சோம்பேறித்தனம். துருவுக்கு வழிவிடும் கீறலைச் சரித்திரம் என்று கொண்டாடினால் கதவு உளுத்துப்போகும். இந்த இடத்தில் பட்டறையிடமிருந்து கற்றுக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. நல்ல வேலைக்காரன் கீறலின் குறுக்காக நகத்தை ஓட்டிப் பார்க்கிறான். நகம் வழுக்கிப் போனால் கீறல் மேலோட்டமானது, எடுத்துவிடலாம். நகம் சிக்கினால் அதை முழுவதும் எடுக்க முயல்வதில்லை. அதன் இரண்டு விளிம்புகளை மட்டும் லேசாக மழுக்குகிறான். கீறல் அங்கேயே இருக்கும்; வெளிச்சத்தைக் கூர்மையாகத் திருப்பியடிக்காது. பார்ப்பவன் கண் அதிலேயே போய் நிற்காமல் காரையும் பார்க்கும்.

எழுத்து விஷயத்திலும் இந்த நகச் சோதனை எனக்கு உபயோகமாகப் படுகிறது. கவிதையைத் திருப்பித் திருப்பித் திருத்துவதை நாம் ‘மெருகேற்றுவது’ என்றே சொல்கிறோம். ஆரம்பத்தில் திருத்தம் கவிதைக்கு நல்லதைச் செய்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, பிசகிய ஒரு வரிக்காகச் சுற்றியிருக்கும் நல்ல வரிகளெல்லாம் இறங்கத் தொடங்குகின்றன. முடிவில் எங்கும் தட்டுப்படாத ஒரு சமதளம் கிடைக்கிறது. கழிந்தது நிறமற்றதாகையால் துணியில் தெரிவதில்லை. விமர்சகனும் இதைச் செய்கிறான்: தன் கோணத்தில் ஒளிர்கிற கீறல்களை வட்டமாகக் கண்டு, வட்டம் கவிதையில் இருப்பதாக எழுதிவிடுகிறான். அவனும் கொஞ்சம் இடம் மாறி நின்று பார்த்துவிட்டு, பிறகு நகத்தை வைத்துப் பார்க்கலாம். சிக்குகிற இடம் பிழையா எழுத்தா என்பதை நகம் சொல்லாது. ஆழம் எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். மீதியை அவன் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், மிஷினைப் போடுவதற்கு முன்னால்.