ஊதிச் செருகிய கேசட்

பரணைத் துடைத்தபோது பழைய டிவி கேம் பெட்டியும் ஏழெட்டு மஞ்சள் கேசட்டும் கிடைத்தன. "வித்துடலாம்ப்பா, மாரியோ கேசட் கோடிக்குப் போகுதாம்" என்றாள் மகள். பொய்யில்லை. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலத்தில் 'சூப்பர் மாரியோ 64' கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அது உறையே பிரிக்காதது. யாரும் ஆடாததால் வந்த விலை!

நம்முடைய பெட்டியோ, 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். கேசட் மேலே '9999 கேம்' என்றிருக்கும். உள்ளே அதே பத்துப் பதினைந்துதான் சுற்றிச் சுற்றி வரும். படம் வராவிட்டால் கழற்றி, அடியில் ஊதிச் செருகுவோம். சரியானது ஊதியதால் அல்ல, மறுபடி செருகியதால். ஊதிய ஈரம் உள்ளிருந்த தகடுகளைக் கறுக்க வைத்ததுதான் மிச்சம். இன்று காயலான் கடையில் எடைக்குத்தான் எடுப்பார்கள்.

சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேம்பாய் போகிமான் கேசட் வேறு ரகம். அதற்கு வாங்க ஆளுண்டு. உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் சேமித்த ஆட்டமெல்லாம் போய்விடும். பரணில் பத்திரமாக இருந்தாலும்தான். அதை விற்றுவிடச் சொல்லிவிட்டேன்.

மஞ்சள் கேசட்டுகளைக் கொடுக்கவில்லை. அதிலுள்ள கான்ட்ரா ஆட்டத்தை இரண்டு பேர் சேர்ந்து ஆடினால்தான் ருசி. தம்பிக்கு ஃபோன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.