மறுக்க முடியாதவளின் சம்மதம்

எட்டாம் ஹென்றியின் வரலாற்றை எழுதியோர் மேரி பொலினை ‘மன்னனின் ஆசைநாயகி’ என்ற ஒரு சொல்லோடு கடந்து விடுகின்றனர். மன்னனைச் சுட்ட அதற்கு நிகரான சொல் ஏதுமில்லை. பழி ஒருத்தி மீதே விழுந்தது.

1520இல் அவள் மணந்த வில்லியம் கேரி மன்னனின் அந்தரங்கப் பணியாளர். அப்பதவி மன்னனின் தயவில் நின்றது. தந்தையின் உயர்வும் அவ்வாறே. இந்நிலையில் மன்னன் அழைத்தால் அவள் தந்தது சம்மதமா, கீழ்ப்படிவா?

அவளது சகோதரி ஆன் பல்லாண்டுகள் இணங்கவில்லையே எனச் சிலர் வாதிடுவர். உண்மைதான், மறுப்பு முற்றிலும் இயலாததன்று. ஆகவே மேரியைக் குற்றமற்றவள் என நான் கூறவில்லை. ஆனால் மறுப்பின் விலையை ஒரு தரப்பு மட்டுமே செலுத்த வேண்டியிருக்கும்போது, குற்றத்தைச் சமமாகப் பங்கிடுவது நீதியாகாது.

1528இல் கேரி வியர்வை நோயால் இறந்தார். 1534இல் மேரி, கலே காவற்படையைச் சேர்ந்த வசதியற்ற வில்லியம் ஸ்டஃபர்டை இரகசியமாக மணந்தாள். அதற்காகவே அரசவையிலிருந்து விரட்டப்பட்டாள். அரசியாய் இருப்பதினும் அவரோடு பிச்சையெடுத்துண்பதே மேல் எனத் தோமஸ் குரொம்வெல்லுக்கு எழுதினாள்.

முறைகேடான உறவைச் சகித்த அரசவை, முறையான திருமணத்தைத் தண்டித்தது. 1536இல் ஆனும் சகோதரன் ஜோர்ஜும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மேரி 1543 வரை வாழ்ந்தாள்.

ஒருவரை எடைபோட வேண்டுமாயின், அவர் சுயமாகத் தெரிவுசெய்ய முடிந்த இடத்தில் வைத்தே எடைபோட வேண்டும். மேரிக்கு அந்த இடம் 1534.