சாலையின் ஹக்கும் லாரிக்காரரின் பொறுப்பும்



பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒரு முள்ளை எடுத்தெறிவது ஈமானின் அடையாளம் என்றால், பிரேக் சரியில்லாத லாரியைப் பாதையில் ஓட்டிவிடுவது எதன் அடையாளம்? சிந்திக்க வேண்டும்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலையே எடுத்துக் கொள்வோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. வேலூர் நோக்கிச் செல்லும் சாலையில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அதே சாலையில்தான் மனுக் கொடுக்க வரும் கிராமத்து முதியவரும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் செல்கிறார்கள். பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்காக இலட்சக்கணக்கான மக்கள் அந்த ஊருக்கு வருகிறார்கள். இவர்கள் அனைவருக்கும் சாலையில் ஹக்கு உண்டு. அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பது நபிமொழி. அவன் எந்தச் சமயத்தவன் என்று பார்த்து அந்தத் திரை விழுவதில்லை.

2023 அக்டோபரில் இதே மாவட்டத்தில் செங்கம் அருகே காரும் லாரியும் மோதி ஏழு உயிர்கள் பறிபோயின. அதில் குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "எல்லாம் கத்ர், நாம் என்ன செய்ய முடியும்?" என்று நம்மில் சிலர் சொல்லி முடித்துவிடுகிறார்களே, அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

மரணம் அல்லாஹ்வின் நாட்டப்படியே வருகிறது என்பது நம் ஈமான். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குச் சொன்னார்கள். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன் மீதும் திருமறை இரு கடமைகளை வைக்கிறது (4:92). ஒன்று, இறந்தவரின் குடும்பத்தாருக்கு தியத் என்னும் இழப்பீடு. அவர்களாக மனமுவந்து விட்டுக் கொடுத்தாலன்றி அது நீங்காது. மற்றொன்று, அல்லாஹ்வுக்குரிய கப்பாரா. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். வேண்டுமென்று செய்யாத செயலுக்கே இப்படியென்றால், கத்ரைச் சொல்லிப் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது எங்ஙனம் செல்லும்?

லாரி இல்லாத காலத்திலேயே நமது ஃபுகஹாக்கள் இதை ஆராய்ந்து வைத்துள்ளனர். சவாரி செய்யும் மிருகம் ஒருவரை மிதித்துவிட்டால் சவாரி செய்பவரே பொறுப்பு. ஓடும்போது அது பின்னங்காலால் உதைத்தால் அவர் மீது பொறுப்பில்லை. ஆனால் பாதையிலே அதை நிறுத்தி வைத்திருந்தால் அந்த உதைக்கும் அவரே பொறுப்பு என்பது ஹனஃபி சட்டம். பாதையில் நிறுத்தியதே வரம்பு மீறல் என்பது காரணம். இரவில் பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டு உறங்கப் போகிறவர்கள் இந்தச் சட்டத்தைத் தங்களுக்கே சொன்னதாகக் கொள்ளட்டும்.

பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்ட ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதையும், அதன் உரிமையாளரை அவர்கள் கண்டித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். வாயில்லாப் பிராணிக்கே அந்தக் கவலை என்றால், இரண்டு இரவு தூங்காத டிரைவரிடம் "இன்னும் ஒரு நடை அடித்துவிட்டு வா" என்று சாவியை நீட்டும் முதலாளியின் நிலை என்ன? 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று பொதுவாக வரையறுத்திருந்தது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். டிரைவர் ஓட்டியிருந்தாலும், உரிமையாளருக்குத் தெரிந்தே அதிக பாரம் ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் வண்டியை விட்டு ஓடுவது பெரும் பாவம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும் போலீசுக்குத் தெரிவிப்பதையும் டிரைவரின் கடமையாக்குகிறது. கூட்டம் அடிக்க வருமென்று அஞ்சினால் நேரே காவல் நிலையத்துக்குப் போகலாம். ஒருவரைச் சாக விட்டு ஒளிந்து கொள்ளக் கூடாது. அடிபட்டவரை நல்லெண்ணத்துடன் தூக்கிச் செல்பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தமிழக அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆகவே பயந்து ஒதுங்க வேண்டாம்.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருப்பான். சம்பளக்கார டிரைவரைக் கூப்பிட்டு, "நீ ஓட்டியதாகச் சொல்லிவிடு" என்பார்கள். இது பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் இதைச் சொல்லும்போது சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இன்ஷூரன்ஸ் கட்டியாயிற்று, இனி நமக்கென்ன?" என்போரும் உண்டு. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். ஆனால் கம்பெனி பணம்தான் கொடுக்கும். கப்பாரா நோன்பை நோற்காது, தௌபாவும் செய்யாது. டிரைவருக்கு முறையான லைசென்ஸ் இல்லையென்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், கம்பெனி குடும்பத்துக்குக் கொடுத்ததை உரிமையாளரிடமே வசூலித்துக் கொள்ள வழியுண்டு என உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவாக்கியது. தம் மீது கப்பாரா கடமையாகுமா என்ற ஐயமுள்ளவர் நடந்ததை மறைக்காமல் ஆலிமிடம் சொல்லி ஃபத்வா பெறட்டும்.

குடும்பத்தை இழந்து நிற்போர் கவனிக்க வேண்டியவை சில. குற்றத்தை நிரூபிக்காமலே இறப்புக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு 2½ இலட்சம் கேட்க 2022 ஏப்ரல் முதல் வழியிருக்கிறது. அதைச் சமரசமாகப் பெற்றுக் கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட பெரிய மனு முடிந்துவிடும். ஆகவே விசாரித்துக் கையெழுத்திடுங்கள். மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று திருத்தச் சட்டம் கூறுகிறது. தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 இலட்சம் உண்டு. இத்தா இருக்கும் பெண்ணிடம் சில ஆயிரங்களைக் காட்டிக் கைநாட்டு வாங்குவது மனமுவந்த விட்டுக்கொடுத்தல் ஆகாது.

வந்த பணத்தில் விதவையை ஒதுக்குவோரும் கேளுங்கள். கணவனின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றே உமர் (ரலி) அவர்களும் முதலில் கருதினார்கள். அஷ்யம் என்பவரின் மனைவிக்குப் பங்கு கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியதை ளஹ்ஹாக் (ரலி) எடுத்துச் சொன்னதும், அமீருல் முஃமினீன் தம் கருத்தை உடனே விட்டார்கள். நாம் விட மறுப்பதா?

லாரி வைத்திருக்கும் சகோதரர்களே! எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் காலாவதியாகாமல் பாருங்கள். டயரை, பிரேக்கை, பின்விளக்கைப் புறப்படுமுன் சோதியுங்கள். டிரைவரை உறங்க விடுங்கள். ஒரு நடை குறைந்தால் ரிஜ்க் குறைந்துவிடாது. ஜமாஅத் நிர்வாகிகள் இவற்றை ஜும்ஆவில் எடுத்துச் சொல்லச் செய்யட்டும்.

பிறர் உயிருக்கு நம்மால் தீங்கு நேராமல் அல்லாஹ் காப்பானாக! நேர்ந்துவிட்டால் அதற்குரிய ஹக்கை நிறைவேற்றும் ஈமானைத் தருவானாக! ஆமீன்.