கொல்லி காவலனும் பெண்மகவின் திருநாமமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு ஸ்ரீவைஷ்ணவ தம்பதி அடியேனுக்கு விண்ணப்பம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டாவதாகவும் பெண்மகவு பிறந்திருக்கிறது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று உறவினர் சிலர் “போதும்பொண்ணு” என்று பெயரிடச் சொல்கிறார்கள். வேறு சிலர் எண் கணிதம் பார்த்து, பொருள் விளங்காத இரண்டெழுத்துப் பெயரொன்றைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். “பெரியாழ்வார் திருநாமம் இடும்படி உபதேசித்தது ஆண்மக்களுக்குத்தானே? பெண்ணுக்கு நாங்கள் என்ன செய்வது?” என்பது அவர்களுடைய கேள்வி. பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தில் ஆறாம் திருமொழி முழுவதும் இந்த விஷயத்தைப் பற்றியதே. இத்திருமொழிக்கு இன்று நமக்குக் கிடைத்திருப்பது மணவாளமாமுனிகளின் வ்யாக்யானம். பெரியவாச்சான்பிள்ளையின் உரையில் பெரும்பகுதி அழிந்துபோக, அக்குறை தீர மாமுனிகள் கிருபையோடு அருளிச்செய்தது அது. காசுக்கும் துணிக்கும், தலைக்கு எண்ணெய்க்கும் கை வளைக்கும் ஆசைப்பட்டு, கொடுப்பவர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவாரைக் கண்டு ஆழ்வார் வருந்துகிறார். மண்ணில் பிறந்து மண்ணாய்ப் போகிறவன் பெயர் நாலு நாளில் மங்கிவிடும், எம்பெருமான் திருநாமத்தை இட்டு அழையுங்கள் என்கிறார். அப்படி இட்டவளுக்கு நரகம் இல்லை என்றும் அறுதியிடுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலன் யாருக்கு என்று சொல்லும்போது ஆழ்வார் தாயைச் சொல்கிறார். நாள்தோறும் நூறு முறை பிள்ளையைக் கூப்பிடுகிறவள் அவளே. பாலூட்டும்போதும், உறக்கம் வராத இரவிலும், தெருவில் ஓடும் குழந்தையைத் துரத்தும்போதும் அவள் நாவில் நிற்கப்போவது அந்தப் பெயர். ஜபம் செய்யப் பொழுதில்லாதவளுக்கு ஆழ்வார் காட்டிக் கொடுத்த எளிய உபாயம் இது. அஜாமிளன் கதையும் இதையே சொல்கிறது. கடைசி நேரத்தில் அவன் அழைத்தது தன் கடைக்குட்டி மகனை. காக்க வந்தவர்களோ விஷ்ணு தூதர்கள்.

பெண்ணுக்கு எப்படி என்பதற்கு ஆழ்வாருடைய திருமாளிகையிலேயே விடை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில், ஆடிப்பூரத்தன்று, துளசியின் அடியில் அவருக்கு ஒரு பெண்மகவு கிடைத்தது. மானிடப் பெயர் வேண்டாம் என்று பாடியவர் தம் மகளுக்கு இட்ட திருநாமம் கோதை. கோதை என்றால் மாலை. மாலைக்குத் தனக்கென்று ஒரு பயன் கிடையாது. எம்பெருமான் திருமார்பில் கிடப்பதே அதன் பிறவிப் பயன். ஆகவே அவனுடைய பெயரையே இட வேண்டும் என்பதில்லை. அவனுக்கு உரியது என்று காட்டும் பெயரும் திருநாமமே. பெரிய நம்பியின் குமாரத்தி அத்துழாய்க்கு அமைந்த பெயரும் இப்படிப்பட்டதே; அது திருத்துழாயின் பெயர்.

ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தில் இன்னும் வியப்பான ஒரு செய்தி உண்டு. யசோதையிடம் பெண்ணாய்ப் பிறக்கும்படி யோகமாயைக்கு நியமித்த பகவான், உலகத்தார் அவளை என்னென்ன பெயர்களால் அழைப்பார்கள் என்று அப்போதே பட்டியலிடுகிறான். வைஷ்ணவீ, மாதவீ, நாராயணீ, கிருஷ்ணா என்ற பெயர்கள் அதில் உள்ளன. பிறப்பதற்கு முன்பே ஒரு பெண்மகவுக்குத் திருநாமங்களைத் தன் வாயாலே சொன்னவன் அவன். அந்தக் குழந்தையைப் பெண் என்றும் பாராமல் கல்லில் மோதத் தூக்கியவன் கம்ஸன். பெண் பிறந்த வீட்டில் இந்த இரண்டு வழிகளுமே எப்போதும் திறந்திருக்கின்றன.

கொல்லிமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது குலசேகரப் பெருமாளை நினையாமல் இருக்க முடியாது. ஓரி ஆண்டு, பின் சேரர் வசமான மலை அது. தம் பாசுரங்களில் ஆழ்வார் தம்மைக் கொல்லி காவலன் என்றே சொல்லிக்கொள்கிறார். பெருமாள் திருமொழி ஏழாம் திருமொழியின் முடிவிலும் அந்தப் பெயர் வருகிறது. அத்திருமொழி தேவகியின் புலம்பல். பெற்ற பிள்ளையைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டவும், வாய் நிறைய அழைக்கவும் பேறில்லாமல் போயிற்றே என்று, தாய்மாரில் தன்னைக் கடைப்பட்டவளாக எண்ணி அவள் அழுகிறாள். அரசர் ஒருவர் தாயின் நெஞ்சோடு அழுத பாட்டு அது.

அந்த மலையின் அடிவாரம் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அந்தச் சேலத்தில்தான் 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. பெண்ணென்று வெறுக்கப்பட்ட சிசுக்கள் உயிரோடிருக்கவேனும் ஒரு தொட்டில் தேவைப்பட்டது. தொட்டில் இல்லையே என்று தேவகி அழுத பாட்டைக் கொல்லி காவலன் பாடியிருக்க, தொட்டிலும் கையுமாக இருந்தும் பிள்ளையை வேண்டாதவர்கள் அவர் மலையடியிலேயே இருந்தார்கள் என்றால் நாம் வெட்கப்பட வேண்டாமா? “போதும்பொண்ணு” என்ற பெயர் உயிரைப் பறிப்பதில்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும், கூப்பிடும்போதெல்லாம், நீ வேண்டாதவள் என்று அவளுக்கு நினைவூட்டும். அதுவும் ஸ்ரீவைஷ்ணவ வாயிலிருந்து வரலாமா?

அந்த ஆழ்வாரின் திருமகளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஸந்நிதி உண்டு. சேரகுலவல்லி என்பது திருநாமம். தந்தையின் குலப்பெயரைத் தாங்கிய பெண் அவள். நம்பெருமாள் அவளோடு சேர்த்தி ஸேவை ஸாதிக்கிறான். குலம் ஆண் பிள்ளையால்தான் விளங்கும் என்பாருக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டாம்.

ஒரு பெயரை இடுவது எத்தனை பெரிய காரியம் என்பதை எம்பெருமானார் காட்டினார். ஆளவந்தாரின் திருவுள்ளக் குறை தீரவே, கூரத்தாழ்வானுடைய திருக்குமாரருக்குப் பராசரர் என்று திருநாமமிட்டார். இட்ட பெயரால் ஓர் ஆசார்யருக்குப் பட்ட கடன் தீர்ந்தது.

எனவே அந்தத் தம்பதிக்கு அடியேன் சொல்வது இதுதான். தூரம் தேட வேண்டாம். நாமக்கல் மலையைக் குடைந்த குகையில் நரஸிம்ஹன் எழுந்தருளியிருக்க, அருகே அருள்பவள் நாமகிரித் தாயார். உங்கள் பாட்டிமார் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் நாமகிரி என்ற பெயர் சாதாரணமாக வழங்கியது. அது பழமையாகத் தோன்றினால் கோதை, வேதவல்லி, பெருந்தேவி, செங்கமலவல்லி, மைதிலி என்று பிராட்டியின் திருநாமங்கள் பல உண்டு. எதை இட்டாலும் சுருக்காமல், திரிக்காமல், முழுவதுமாக அழையுங்கள். கோபத்தில் அந்தப் பெயரைச் சொல்லி வையாதீர்கள். அது பிராட்டியின் பெயர் என்பது நினைவிருக்கட்டும். மூத்தவளையும் உடன் உட்கார வைத்து, தங்கையின் காதில் திருநாமத்தைச் சொல்லச் செய்யுங்கள். நீங்கள் இருவரும் வேண்டிப் பெற்ற பிள்ளைகள் என்று அவர்கள் இருவருக்கும் அன்றே தெரிந்துவிடும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்